முட்டைக் கட்டும் எதிர்வீட்டுக் கடுவனும்

கொல்லைக் குழாய் சொட்டுகிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது பொங்கல் முடிந்து வாசலில் கிடந்த கரும்புச் சக்கைகூடக் காயவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் என் கணவர். கத்திரி வெயில் வந்தது, போனது. ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. குழாய் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய நாளைக்கு மட்டும் வரவேயில்லை.

இத்தனைக்கும் மனுஷன் கைவேலை தெரியாதவர் இல்லை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அச்சு போடுகிறவர். மீட்டர் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கேரியர், கம்பத்தில் கம்பி சுற்றுகிற வெள்ளைக் குமிழ், எல்லாவற்றுக்கும் அளவெடுத்து அச்சு செய்வது அவர் வேலை. தமிழ்நாட்டில் பாதி வீட்டில் லைட் எரிவது தன்னால்தான் என்று ஒரு நினைப்பு. அப்படிப்பட்ட கை ஒரு வாஷர் மாற்ற வணங்கவில்லை. வீட்டில் கைப்பிடி இல்லாத கப்பு, கோணல் வாய்ச் சாடி, விரிசல் விட்ட தட்டு என்று கம்பெனியில் கழித்துப் போட்டதெல்லாம் வந்து குவியும். வரவேண்டிய வாஷர் வராது.

ஆவணியில் ஒரு காலை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி பிடித்த இடத்தில் கால் வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. விழும்போதே கணுக்காலில் ஏதோ முறிந்தது எனக்குக் கேட்டது. வலது கால்.

எனக்கு வலது கால் என்றால் வெறும் கால் இல்லை. முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்த தையல் மெஷினை மிதிக்கிற கால். ஜாக்கெட், பாவாடை, ஸ்கூல் யூனிபாரம், சுடிதார் என்று எங்கள் தெரு மட்டுமில்லை, ரெண்டு தெரு தள்ளியும் என்னிடம்தான் கொடுப்பார்கள். கணுக்கால் மடங்கி நிமிர்ந்தால்தான் பெடல் ஓடும். பெடல் ஓடினால்தான் நான் நான். அது இல்லாவிட்டால் அச்சு போடுகிறவர் பொண்டாட்டி, அவ்வளவுதான். கொல்லையில் விழுந்து கிடந்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பு வலி இல்லை. இந்தக் கால் இனி பெடல் மிதிக்குமா என்பதுதான். அடுத்த நினைப்பு அந்தக் குழாயைப் பற்றி. அதை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு விலகியிருக்கிறது, தகடு வைத்து ஸ்க்ரூ போட்டால் நல்லது என்றார் டாக்டர். அதற்குள் செய்தி திட்டக்குடிப் பக்கத்து மங்களூருக்குப் போய், என் கணவரின் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். என் நாத்தனார் எந்த வீட்டில் யார் விழுந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஜாதி. ஒத்தாசைக்கு என்று பேர். போன இடத்தில் ராஜாங்கம் நடத்துவதுதான் வேலை.

"ஸ்க்ரூ போடறதுக்கு அது காலா, கதவாடா தம்பி?" என்று கேட்டார். "திட்டக்குடி ரோட்டுல கட்டுக் கட்டறவரு இருக்காரு. எங்கூருல தென்னமரத்துலேருந்து வுழுந்தவன் அவருகிட்டதான் கட்டுனான். இன்னிக்கு மரம் ஏறிக்கிட்டிருக்கான்."

என் கணவர் அக்கா சொன்னால் அப்பீல் இல்லாதவர். எனக்கும் கத்தி என்றால் பயம். அதனால் வேன் பிடித்து அங்கே போனோம். கட்டுக் கட்டுகிறவர் அதிகம் பேசவில்லை. காலைத் தடவிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்தார். நான் கத்தியதில் வாசலில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். உளுத்தம் மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவி, சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். வாரம் ஒருதரம் அவிழ்த்துக் கட்ட வரணும், ஈரம் படக்கூடாது, நான் சொல்கிற வரைக்கும் பாதத்தைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். "ஊணுனா அப்புறம் என்னக் கேக்காதீங்க" என்று தனியாக ஒருதரம் சொன்னார். எனக்கு அது ஒன்று போதும். கண்ணை மூடினால் அந்தச் சொல்தான் கேட்டது.

முன்னறையில் மெஷினுக்கு எதிரில் கட்டில் போட்டார்கள். மெஷினைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் என் வீடு என் கண்ணெதிரே எப்படி நாசமாகிறது என்பதுதான்.

நாத்தனாருக்குச் சமையல் தெரியும். அளவுதான் தெரியாது. ஒரு நாள் ரசம் குடித்தால் அடுத்த நாளும் நாக்கில் உப்பு இருக்கும். அரிசிப் பானையில் பருப்பு, பருப்பு டப்பாவில் சீரகம், சீரக டப்பாவில் என் மெஷின் ஊசி. எல்லாவற்றையும் பொறுத்தேன். ஒருநாள் அடுப்படியிலிருந்து 'நறுக் நறுக்' என்று சத்தம். என்ன அண்ணி வெட்டுறீங்க என்று கேட்டேன். "நெத்திலிக்குத் தலை கிள்ளுறேன். உன் கத்திரிக்கோலு நல்லா வெட்டுது பொண்ணே" என்று பதில் வந்தது. துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட வெட்டவிடாமல் நான் காப்பாற்றி வைத்த கத்திரிக்கோல். அன்றைக்கு நான் அழுதேன். கால் வலியில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்.

பார்க்க வந்தவர்கள் வேறு. விழுந்தவளைப் பார்க்கப் போகாவிட்டால் ஊர் ஏசும் என்பதற்காக வருகிற கூட்டம் அது. ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி. கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கட்டை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த நொண்டிகளின் கதையை எல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். என் சித்தி மகளுக்கு இப்படித்தான், கடைசி வரைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடந்தாள் என்று ஒருத்தி. "இனிமே மெஷினெல்லாம் எங்க மிதிக்கப் போற? போதும் போ, ஒக்காந்து சாப்புடு" என்று இன்னொருத்தி, ஏதோ எனக்கு வரம் கொடுக்கிற மாதிரி. தீபாவளி வந்துகொண்டிருந்தது. அவள் கையில் இருந்த பையில் ஜாக்கெட் துணி எட்டிப் பார்த்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகத் திறந்த தையல் கடைக்குப் போகிற வழியில்தான் என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். அங்கே கரண்டு மெஷினாம், சாயங்காலம் கொடுத்தால் மறுநாள் கிடைக்குமாம். அதையும் அவளே சொன்னாள்.

இவர்களாவது வந்துவிட்டுப் போகிறவர்கள். தினம் தவறாமல் வந்தது எதிர்வீட்டுப் பூனை.

எதிர்வீட்டில் இருந்தவள் மங்கலம்பேட்டைக்காரி. வீட்டுக்காரர் சவுதியில். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வாடகைக்கு வந்திருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள், ஒரு மஞ்சள் கடுவன் பூனை. பூனை என்றால் சாதாரணப் பூனை என்று நினைக்க வேண்டாம். வயிறு தரையைத் தொடும். கறிக்கடையில் இதற்கென்று தனியாகக் கொழுப்பும் ஈரலும் வாங்குவாள். அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள், வாசலில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கொஞ்சிக் கூப்பிடுவாள். வீட்டுக்காரரிடம் போனில் பேசும்போதுகூட அப்படிக் குழையமாட்டாள். அந்தத் தடியனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் மாடியில் காயவைத்த வடகத்தில் அது படுத்துத் தூங்கும். வாசல் கோலத்தில் நடந்துவிட்டு மாவுக் காலோடு நடு வீட்டுக்குள் வரும். தைத்து மடித்து வைத்த துணியில் மயிரை உதிர்க்கும். கேட்டால் "வாயில்லாத ஜீவன்க்கா, அதுக்கு இன்னா தெரியும்" என்பாள்.

கட்டுக் கட்டி இரண்டு நாளில் முட்டை நாற ஆரம்பித்தது. அந்தப் புழுக்கத்தில் எனக்கே என் காலோடு ஒரே அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்தப் பூனைக்கு அது கல்யாணச் சாப்பாட்டு வாசனை. ஒரு மத்தியானம், நாத்தனார் உள்ளே சீரியலுக்கு அழுதுகொண்டிருந்தார். நான் கண்ணயர்ந்திருந்தேன். பாதத்தில் ஏதோ சொரசொரவென்று தேய்க்கிற மாதிரி இருந்தது. முழித்துப் பார்த்தால், கட்டில் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு என் கட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. நக்கியதோடு நிற்கவில்லை. துணி ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்து நூல் நூலாகப் பிரித்திருந்தது. எழுந்து ஓட்ட முடியுமா? தலையணையை விட்டெறிந்தேன். அது தலையணையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு மறுபடி நக்கியது.

என் கணவரிடம் சொன்னேன். குழாய் விஷயத்தில் வராத வேகம் இதில் வந்தது. மறுநாளே பழைய பாட்டிலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை நிரப்பி, கட்டிலின் நாலு காலிலும் கட்டித் தொங்கவிட்டார். எங்கள் தெருவில் நாய் வந்து அசிங்கம் செய்யாமல் இருக்க எல்லா வாசலிலும் இந்த நீலத் தண்ணீர் பாட்டில் தொங்கும். அதில் எந்த நாயும் பயந்து நான் பார்த்ததில்லை.

"இது நாய்க்குக் கட்டறதுங்க" என்றேன்.

"எல்லாம் நாலு கால்தான?" என்றார்.

பூனை அந்த பாட்டிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. அடுத்து, கழித்துப் போட்ட பியூஸ் கேரியர்களைக் கயிற்றில் கோத்துக் கதவுக்குக் குறுக்கே கட்டினார். பூனை தட்டினால் சத்தம் வரும், பயந்து ஓடும் என்று கணக்கு. பூனை அடியில் குனிந்து வந்தது. தட்டியது என் நாத்தனார்தான், கையில் குழம்புக் கிண்ணத்தோடு. அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் மனசு நிறைந்தது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. அடுத்து நடந்தது அப்படி இல்லை.

கட்டு மாற்றப் போனபோது, ஒரு கால் உதவியில் நடக்கலாம், ஆனால் இந்தக் கால் அந்தரத்திலேயே இருக்கணும், கக்கத்துக்குக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கட்டுக்காரர். கடையில் வாங்கலாம். என் கணவருக்கு அது கௌரவக் குறைச்சல். தெரிந்த ஆசாரி இருக்கும்போது கடையில் எதற்கு? என்னைச் சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கவைத்து, என் இன்ச் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கக்கம் வரைக்கும் அளந்தார். காது மேல் வைத்த பென்சிலை எடுத்து, தீப்பெட்டி அட்டையில் ஏதோ கணக்குப் போட்டார். ஆசாரியும் தேக்குக் கட்டையில் அழகாகச் செய்து கொடுத்தார், மேலே ரப்பர் எல்லாம் வைத்து.

கக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோள் காதுக்கு ஏறிவிட்டது. நல்ல காலின் விரல் நுனி மட்டும்தான் தரையில் பட்டது. கொடியில் காயப்போட்ட பாவாடையாட்டம் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க அளவு எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

மனுஷன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தீப்பெட்டி அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது. "சுருக்கம் சேத்துட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பச்சை மண்ணில் செய்கிற சாமான் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் அச்சு போடும்போது வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எதை அளந்தாலும் மேலே கொஞ்சம் கூட்டிப் போட்டே அவர் கை பழகிவிட்டது. கை அதுபாட்டுக்குக் கூட்டிவிட்டது. தேக்குக் கட்டை என்ன சூளையிலா வேகப் போகிறது? ஆயுசு முழுக்க அளவெடுத்துத் துணி தைக்கிற என்னை, என் டேப்பை வைத்தே அளந்து, பெண்டாட்டியைப் பச்சை மண் என்று நினைத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

"ஞாயித்துக்கிழம ஆசாரிகிட்டக் குடுத்து அறுத்துட்டு வரேன்" என்றார். ஞாயிறு என்றால் எனக்குத் தெரியும். நாளைக்குக்குத் தம்பிதான் அது. கொல்லைக்குப் போக ஒவ்வொரு தரமும் நாத்தனார் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு தரமும் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைக் கேட்பதைவிடத் தொங்கிக்கொண்டே போகலாம் என்று ஒரு மத்தியானம் அந்தக் கட்டைகளையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நடை தாண்டவில்லை. எங்கிருந்தோ வந்த அந்த மஞ்சள் தடியன், முட்டை வாசனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைக்கும் நடுவில் நுழைந்து என் காலில் கட்டிய துணியில் முகத்தை வைத்தது. நல்ல காலால் ஊன்றி நிற்கலாம் என்றால் விரல்தான் தரையில் படுகிறதே. ஒரு கட்டை வழுக்கியது. விழாமல் இருக்க உடம்பு தானாக ஒரு வேலை செய்தது. வலது பாதத்தை முழுசாகத் தரையில் ஊன்றிவிட்டேன்.

அந்த வலியை எழுத வராது. ஊன்றிவிட்டேன், ஊன்றிவிட்டேன் என்றே கத்தியதாக நாத்தனார் சொன்னார்.

மறுபடி வேன். கட்டுக்காரர் அவிழ்த்துத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எலும்பு நகர்ந்திருக்கிறது என்றார். மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி முதலிலிருந்து கட்டு. "பழையபடி மடங்குமாங்க? நான் மெஷின் மிதிக்கறவங்க" என்று கேட்டேன். "நடக்கலாம்மா" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

வேன் வாசலில் நின்றபோது எதிர்வீட்டுக்காரி கதவில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் அந்தப் பூனை. என்னைப் பார்த்ததும் பதறி இறங்கி வந்தாள். "இன்னாச்சுக்கா?" என்றாள்.

வேனுக்குள் உட்கார்ந்தபடியே அவளை ஒரு பிடி பிடித்தேன். பூனைக்குக் கறி வாங்கத் தெரிகிறது, கட்டிப்போடத் தெரியவில்லையா என்றேன். உன் பூனை திங்க என் காலா கிடைத்தது என்றேன். அடுத்தவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு வாயில்லாத ஜீவனாம் என்றேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் கதவு சாத்தியே இருந்தது. மத்தியானத்தில் உள்ளேயிருந்து பூனை கத்துவது மட்டும் கேட்கும். கத்தட்டும் என்று இருந்தேன். இப்போதும் அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தீபாவளி வந்தது. எல்லாரும் கரண்டு மெஷினில் தைத்ததைப் போட்டுக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார்கள். கழுத்து எல்லாம் கோணல். என்னிடம் காட்டிப் பாராட்டு வேறு கேட்டார்கள். அடுத்த ரெண்டு மூணு நாளில் ரம்ஜானும் வந்தது. வருஷா வருஷம் எதிர்வீட்டிலிருந்து வருகிற பிரியாணித் தூக்கு அந்த வருஷம் வரவில்லை. ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நாத்தனாரிடம் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவளுடைய பெண்கள் இரண்டும் பளபளவென்று ரெடிமேட் பாவாடையில் நின்றன. இடுப்பு தொளதொளவென்று இருந்தது. நான் தைத்திருந்தால் அப்படி இருக்காது.

கார்த்திகையில் கட்டை அவிழ்த்தார்கள். உள்ளே இருந்து வந்தது என் கால் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. வற்றி, தோல் உரிந்து, கட்டையாக விறைத்திருந்தது. வெந்நீர் ஊற்றி, எண்ணெய் தடவி, மடக்கச் சொன்னார்கள். மடக்கினால் உயிர் போனது. மெஷினில் உட்கார்ந்து பெடலில் பாதத்தை வைத்தேன். பாதம் வைத்தபடி இருந்தது. தள்ளச் சொன்னால் தள்ள மறுத்தது.

அன்றைக்கு மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு நாத்தனார் தம்பியிடம் பேசினார்.

"இந்த மெஷினக் குடுத்துரு தம்பி. எடத்த அடச்சிக்கிட்டு நிக்கிது. வெச்சிக்கிட்டு எதுக்கு? அதப் பாத்துப் பாத்துத்தான் இதுவும் அழுவுது."

என் கணவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் "பாக்கலாங்க்கா" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பாக்கலாம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்குக் குழாய்க்குச் சொன்ன பாக்கலாம் இல்லை அது. இவள் இனி மிதிக்கமாட்டாள் என்று அவருக்கும் தோன்றிவிட்டது. உள்ளதைச் சொன்னால் எனக்கே தோன்றிவிட்டது.

ஆனாலும் விற்கவிட எனக்கு மனசில்லை. நாத்தனார் ஒருவழியாக ஊருக்குக் கிளம்பினார். "போயிட்டு வரேன், ஒடம்பப் பாத்துக்க பொண்ணே" என்றார். என் பத்துப் பாத்திரங்களில் பாதியின் அடியைக் கரியாக்கிவிட்டுத்தான் போனார். அவர் போன நாளிலிருந்து தினமும் மெஷினில் உட்கார்ந்தேன். நூல் இல்லாமல், துணி இல்லாமல், வெறும் பெடல். கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டு அந்த ஓட்டத்தில் பாதம் மேலும் கீழும் போகவிடுவேன். வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டும். பாதத்தைத் திட்டுவேன். குழாயை, கணவரை, நாத்தனாரை, பூனையை, பார்க்க வந்தவர்களை ஒவ்வொருவராகத் திட்டுவேன். திட்டுகிறபோது நன்றாகவே மிதிபட்டது. மார்கழி முடிவதற்குள் கையை எடுத்துவிட்டு மிதித்தேன். சக்கரம் நிற்கவில்லை. ஒரு கந்தல் துணியைக் கொடுத்து நேர்த்தையல் ஓட்டினேன். கொஞ்சம் கோணல்தான், ஆனால் தையல்.

ஜன்னலைத் திறந்து வைத்தேன். மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்கும். கேட்டால் வருவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் வரவில்லை. எல்லாருக்கும் கேட்டது. "அட, மிதிக்கிறியே, பரவால்லியே" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். கையில் துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள். யூனிபாரம் கொடுக்கிறவர்கள், ஜாக்கெட் கொடுக்கிறவர்கள், நான் அவசரத்துக்கு உட்கார்ந்து கல்யாணத் துணி தைத்துக் கொடுத்தவர்கள், எல்லாரும் போனார்கள். நாய் பட்ட பாடு பட்டு மிதிக்கப் பழகியது இதற்குத்தானா என்று இருந்தது. கந்தலிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். மெஷினைக் கொடுத்துவிடலாமா என்று நானே ஒருநாள் என் கணவரிடம் கேட்கப் பார்த்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம், எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். பூனை இல்லாமல் வந்தாள். என் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வந்து கட்டிலோரத்தில் ஒரு மஞ்சள் பையை வைத்தாள். அதில் ஒரு சுடிதார் துணி, ரெண்டு ஜாக்கெட் துணி. மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இது எப்ப எடுத்தது?" என்று கேட்டேன்.

"ரம்ஜானுக்கு அவரு அனுப்புனதுக்கா."

"ரம்ஜான் போயி எத்தினி நாளாச்சு. பஸ் ஸ்டாண்டுல குடுத்துத் தெச்சிக்கறதுதான. ஊரே அங்கதான் நிக்குது."

"புள்ளைங்களுக்கு ரெடிமேட் எடுத்துட்டேன். எனக்கு நீங்க தெச்சாத்தான் சரியா இருக்கும். எடுத்து வெச்சிட்டேன்."

"அப்ப பெருநாளைக்கு இன்னா கட்டுன?"

"பழசுதான்."

பைத்தியக்காரி என்று மனசுக்குள் சொன்னேன். நடுத்தெருவில் வைத்து நான் அத்தனை பேசியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய், பீரோவில் துணியை எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஏம்மா, என் காலு சரியாவாமப் போயிருந்தா? இத வெச்சிக்கிட்டு இன்னா பண்ணியிருப்ப?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். நான் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"சரியாவாமப் போவும்னு எனக்குத் தோணவே இல்லியேக்கா" என்றாள்.

டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவளை நேராக நிற்கச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் நின்று டேப்பில் நம்பரை மறைத்தது. தோள் அளவையே இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது.